அழுகிற பிள்ளையும் பொது இடமும்: கொங்கு நாட்டு வரலாறு

நாலு பேர் கூடும் இடத்தில் ஒரு சிறுபிள்ளை அடம்பிடித்து அழுதால் அதை யார் பார்த்துக்கொள்வது? கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் வட்டாரங்கள் அடங்கிய கொங்கு நாட்டில் இந்தக் கேள்விக்கான விடை நூற்றைம்பது ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. ஒரு வயதுக்கும் நாலு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் இயல்பு மாறவில்லை. பசி, தூக்கம், வெயில், சொல்லத் தெரியாத ஆத்திரம் ஆகியவைதான் அன்றும் இன்றும் அழுகைக்குக் காரணம். மாறியவை இடங்களும், அந்த இடங்கள் மனிதரிடம் எதிர்பார்த்த ஒழுங்கும்தான்.

ஆலைகளும் டாக்கீசும் வருவதற்கு முன்பு இங்கே பொது இடம் என்றால் காடு, சந்தை, கோயில் ஆகிய மூன்றுதான். தானியம் விளையும் மேட்டு நிலத்தைக் கொங்கு மக்கள் காடு என்றே சொல்வார்கள். சோளக்காட்டிலும் பருத்திக்காட்டிலும் பெண்கள் களை எடுக்கப் போகும்போது கைப்பிள்ளையும் கூடவே போகும். காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலங்களான கொறங்காடுகளில் நிற்கும் வெள்வேல மரத்தின் கிளையில் பழைய சேலையைக் கட்டினால் தூளி தயார். தரையில் ஊரும் பூச்சி பொட்டு எட்டாத உயரம், தாயின் கண்ணுக்குத் தெரியும் தூரம் ஆகிய இரண்டையும் பார்த்துத்தான் கிளையைத் தேர்ந்தெடுத்தார்கள். பிள்ளை வீரிட்டால் பக்கத்து நிரையில் களை எடுப்பவள் வந்து ஆட்டிவிட்டுப் போவாள். அழுகை அங்கே யாருக்கும் இடைஞ்சல் அல்ல. பிள்ளைக்குப் பசிக்கிறது என்ற செய்தி, அவ்வளவுதான்.

தூளியை விட்டு இறங்கி நடக்கத் தொடங்கிய பிள்ளைதான் பெரும்பாடு. கிணற்று மேட்டுக்கு ஓடும், கமலை மாட்டின் காலடியில் போய் நிற்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் ஏழெட்டு வயது அக்காவின் இடுப்புக்குப் போனது. இந்த ஏற்பாட்டைப் பெருமையாக நினைவுகூர்வோர் அதன் விலையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு அலைந்த அந்தப் பெண்பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடத்தின் வாசற்படியை மிதிக்கவே இல்லை. மிதித்தவர்களும் இரண்டொரு வகுப்போடு நின்றார்கள். கூட்டுக் குடும்பத்தில் பிள்ளை தானாக வளர்ந்தது என்ற பேச்சு, அந்த அக்காக்களின் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத பேச்சு.

சந்தையும் தேர்த்திருவிழாவும் வேறு வகை. பொள்ளாச்சியின் வியாழக்கிழமைச் சந்தை, சித்திரையில் கண்ணபுரத்தில் கூடும் காங்கேய மாட்டுச் சந்தை, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயிலையொட்டிய கால்நடைச் சந்தை ஆகிய எல்லாவற்றிலும் பெரியவர்களின் வியாபாரத்தோடு பிள்ளைகளுக்கான வியாபாரமும் சேர்ந்தே வளர்ந்தது. ராட்டாந்தூரி, பொரி கடலை, ஊதல், பலூன் எல்லாம் அடம்பிடிப்பதற்குக் காரணமாகவும் அதற்கு மருந்தாகவும் இருந்தன. ஜவ்வு மிட்டாய்க்காரர் உயரமான மூங்கிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருவார். மூங்கிலின் உச்சியில் பாவாடை கட்டிய பொம்மை; கயிற்றைச் சுண்டினால் அது இரண்டு கைகளையும் தட்டும். அழுதுகொண்டிருந்த பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, இளஞ்சிவப்பு மிட்டாயை இழுத்துத் திரித்து, சங்கிலியும் வட்ட முகப்பும் உள்ள கைக்கடிகாரமாகச் சுற்றி ஒட்டிவிடுவார். மிச்சத்தைக் கிள்ளிப் பிள்ளையின் கன்னத்தில் ஒட்டுவார். தன் கையிலேயே தின்பண்டம் ஒட்டியிருக்க, அதைத் தின்பதா காட்டிக்கொண்டு திரிவதா என்ற குழப்பத்தில் பிள்ளை அழுகையை மறந்துவிடும். கவனத்தை வேறு பக்கம் திருப்புவதுதான் சிறுபிள்ளையை அடக்கும் முதல் உபாயம் என்று இன்றைய குழந்தை வளர்ப்பு நூல்கள் விரித்து எழுதுவதை, அந்த வியாபாரி தொழில் நுணுக்கமாகவே வைத்திருந்தார்.

கோயிலில் நடக்கும் காதுகுத்தைச் சற்று நெருங்கிப் பார்த்தால், பிள்ளை அழும் என்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு அதற்கு இடம் ஒதுக்கிய சடங்கு எப்படி இருக்கும் என்பது விளங்கும். குலதெய்வக் கோயில் வாசலில் தாய்மாமன் சம்மணமிட்டு உட்கார்வார். பிள்ளையை அவர் மடியில் வைப்பார்கள். முதலில் நாவிதர் தலையை நனைத்து மொட்டை அடிப்பார். குளிர்ந்த தண்ணீர் பட்டதுமே பிள்ளை அலறத் தொடங்கும். மாமன் ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார். பிறகு குளிப்பாட்டி, சந்தனம் பூசி, மறுபடி அதே மடி. ஆசாரி ஊசியை எடுக்கும்போது அம்மிச்சி (தாய்வழிப் பாட்டி) பிள்ளையின் வாயில் சர்க்கரையோ வாழைப்பழமோ வைப்பார். ஊசி இறங்கும் நேரத்தில் மேளம் உச்சத்துக்குப் போகும். பிள்ளையின் அலறல் மேளத்தில் கரைந்துவிடும். அழுததற்காக அங்கே யாரும் தாயை முறைத்துப் பார்ப்பதில்லை. தாயின் கையில் பிள்ளையைக் கொடுக்காமல் அவள் அண்ணன் தம்பியிடம் கொடுத்ததற்கு உறவுமுறைக் காரணம் உண்டு. ஆனால் நடைமுறையில் அது, பிள்ளையின் மிக மோசமான பத்து நிமிடத்தைத் தாயின் தோளிலிருந்து இறக்கி வேறொருவர் மடியில் வைத்தது. கொங்குப் பேச்சில் பெரியவர்கள் பிள்ளையைச் சமாதானப்படுத்தும்போதுகூட ‘அழுவாதீங்க சாமி’ என்று மரியாதை போட்டுத்தான் பேசுவார்கள்.

இரவு நிகழ்ச்சிகளிலும் இதே போக்குதான். பொன்னர், சங்கர் ஆகிய அண்ணன்மாரின் கதையை உடுக்கை அடித்துப் பல இரவுகள் தொடர்ந்து பாடுவது கொங்கு ஊர்களின் வழக்கம். கனடாவைச் சேர்ந்த மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் காங்கேயத்துக்கு அருகில் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்தபோது, 1965ல் இக்கதையை முழுமையாக ஒலிப்பதிவு செய்தார். இத்தகைய பாட்டுக்கும் கூத்துக்கும் குடும்பம் குடும்பமாகப் பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் கோமாளி வரும்போது விழித்துக்கொண்டு, நீண்ட பேச்சு வரும்போது தூங்கிவிடும். இடையில் எழுந்து அழுதாலும் உடுக்கைச் சத்தத்தை மீறாது. பார்வையாளர் அசையாமல், பேசாமல் இருக்க வேண்டும் என்ற விதி அங்கே கிடையாது. ஆகவே அந்த விதியை மீறும் பிள்ளையும் கிடையாது.

எல்லாம் இதமாகவே நடந்தது என்று சொல்வதற்கில்லை. பயங்காட்டி அடக்குவது பரவலான வழக்கமாக இருந்தது. பூச்சாண்டி, சாக்குப்பைக்காரன், பிள்ளை பிடிக்கிறவன் என்று பெயர்கள் பல. பின்னர் ஊசி போடும் நர்ஸும் போலீஸ்காரரும் அந்த வரிசையில் சேர்ந்தார்கள். விடியற்காலையில் வரும் குடுகுடுப்பைக்காரரையும், பகலில் வரும் பூம்பூம் மாட்டுக்காரரையும் காட்டி, ‘புடிச்சுக் குடுத்துருவேன்’ என்பார்கள். பிழைப்புக்காக ஊர் ஊராகச் சுற்றிய ஏழைகளின் முகத்தையே பயத்தின் முகமாகப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்திய பழக்கம் இது. இதன் விளைவு அற்பமானதல்ல. 2018 ஏப்ரல், மே மாதங்களில் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருப்பதாகத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் வாட்ஸ்அப் வதந்தி பரவியபோது, வெளியூர்க்காரர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த குடும்பம் ஒன்று வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காகத் தாக்கப்பட்டது. அதில் 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அந்த வதந்தி அத்தனை வேகமாக எடுபட்டதில், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளின் காதில் ஓதிய கதைக்கும் பங்கு இருக்கத்தான் செய்யும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கோயில் வாசலும் ஊர்க் கிணறும் ஊர்த் தெருவும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொது இடமாக இருக்கவில்லை. பண்ணையத்தில் உழைத்த அருந்ததியர் குடும்பத்துப் பிள்ளை விளையாட்டுப் போக்கில் கோயிலுக்குள் நுழைந்தாலோ கிணற்றடியில் நின்றாலோ, அது குறும்பாகக் கருதப்படவில்லை, குற்றமாகக் கருதப்பட்டது. தண்டனை தாய் தந்தைக்கு விழுந்தது. எனவே அந்தக் குடும்பங்களில் பிள்ளைக்கு நடை பழகும் முன்பே எல்லை பழக்கினார்கள். ஆறேழு வயதில் பலர் ஆடு மாடு மேய்க்கப் பண்ணையத்தில் விடப்பட்டார்கள்; அடம்பிடிக்கும் பருவம் அதோடு முடிந்தது. 1947ல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறிய பிறகும் பல ஊர்களில் இந்த எல்லை நெடுங்காலம் நீடித்தது.

அமைதியும் அசையாமையும் கேட்ட முதல் இடம் பள்ளிக்கூடம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் மட்டுமல்ல, பிள்ளையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடும் கோதண்டமும் தண்டனையாக இருந்தது. பின்னர் வந்த அரசுப் பள்ளிகளிலும் பிரம்பு தொடர்ந்தது. தமிழ்நாடு கல்வி விதிகளில் உடல் தண்டனைக்கு இடம் தந்த 51ஆம் விதி 2003ல்தான் திருத்தப்பட்டது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அடிப்பதோடு மனத்தை நோகடிப்பதையும் தடை செய்தது. வீட்டிலும் வீதியிலும் பெற்றோர் அடிப்பதை இந்தச் சட்டங்கள் தொடவில்லை. ஸ்வீடன் 1979லேயே அதையும் தடை செய்து, உலகில் முதல் நாடாயிற்று.

பள்ளிக்கூடத்தைவிட ஆழமான மாற்றத்தைக் கொண்டுவந்தது பஞ்சாலை. 1888ல் தொடங்கிய ஸ்டேன்ஸ் மில் கோவையின் முதல் பஞ்சாலை. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் மளமளவென்று பெருகின. நூலைக் கழியாகச் சுற்றும் ரீலிங் பிரிவில் பெண்களே பெரும்பாலும் வேலை செய்தார்கள். காட்டில் பிள்ளை அழுதால் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுப் போகலாம். ஆலையில் சங்கு ஊதினால் உள்ளே, மறுபடி ஊதினால் வெளியே. நடுவில் பால் கொடுக்கப் போவதற்கு மேஸ்திரியின் தயவு வேண்டும். எந்திர இரைச்சலும் பஞ்சுத் தூசும் நிறைந்த இடத்தில் தவழும் பிள்ளையை வைத்திருப்பதும் ஆபத்து. வீட்டில் விட்டால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஊரை விட்டு ஆலைக் குடியிருப்புக்கு வந்த குடும்பத்துக்கு அந்த ஆளும் இல்லை. இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி ஆணையத்தின் 1931ஆம் ஆண்டு அறிக்கை, ஆலை நகரங்களில் வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைக்கு அபின் கொடுத்துத் தூங்கவைப்பதைப் பதிவு செய்து, ஆலைகளில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதை ஆணையம் தாய்மாரின் அறியாமை என்று மட்டும் பார்க்காமல், வேலை நேரத்தோடும் இடத்தோடும் சேர்த்துப் பார்த்தது பெரிய விஷயம்.

1934ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை ஒதுக்கும்படி விதி செய்ய மாகாண அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் 48ஆம் பிரிவு அதைக் கட்டாயமாக்கியது. அறை வெளிச்சமும் காற்றோட்டமும் சுத்தமுமாக இருக்க வேண்டும், பிள்ளை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் இருக்க வேண்டும், தாய் இடையிடையே போய்ப் பால் கொடுக்க ஏற்பாடு வேண்டும் என்றெல்லாம் சட்டத்துக்கு வடிவம் வந்தது. 1976ல் ஐம்பது என்ற எண்ணிக்கை முப்பதாகக் குறைந்தது. அதற்குள் கோவை ஆலைகளில் பெண்களின் வேலைகள் பெருமளவு குறைந்துவிட்டன. சட்டம் வலுவான நேரத்தில் அதை அனுபவிக்க வேண்டிய தாய்மார் ஆலைக்கு வெளியே நின்றார்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் இதே ஏற்பாடு 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தால் வந்தது. கொழுந்து பறிக்கப் போகும் முன் தாய் பிள்ளையைத் தோட்டக் காப்பகத்து ஆயாவிடம் விட்டுப் போவாள். உள்ளே வரிசையாகத் தூளிகள் தொங்கும். இலங்கை மலையகத் தமிழர் இத்தகைய காப்பகத்தைப் பிள்ளை மடுவம் என்று சொல்வார்கள். மரக்கிளையிலிருந்து கூரைக்கு வந்தாலும் சேலைத் தூளி மாறவில்லை.

ஆலைத் தொழிலாளியின் முக்கியமான பொழுதுபோக்காக வளர்ந்தது சினிமா. ரயில்வே எழுத்தராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கிக் கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றியவர். 1914ல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைக் கட்டினார். மௌனப் படம் ஓடிய காலத்தில் கதையை ஒருவர் உரக்கச் சொல்வார், பக்கத்தில் வாத்தியம் ஒலிக்கும். பிள்ளை அழுதாலும் காட்சி கெடாது. 1931ல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கியதும் நிலைமை மாறியது. வசனத்தைக் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடத்தில் அழுகை முதல்முறையாகத் தொந்தரவு ஆயிற்று. ஆயினும் டூரிங் டாக்கீசின் மணல் தரை தாய்மாருக்குக் கைகொடுத்தது. பெண்கள் பகுதியில் தாய் மணலைக் குவித்துக் கொடுத்தால் பிள்ளை அதைக் கலைத்து விளையாடும், பிறகு அதிலேயே துண்டு விரித்துத் தூங்கும். அழுகை நிற்காவிட்டால் கீற்றுத் தடுப்புக்கு வெளியே போய் நின்று, பாட்டுச் சத்தம் கேட்டதும் உள்ளே வருவாள். நாற்காலி வரிசை போட்ட நிரந்தரத் தியேட்டர்களில் அந்த மணலும் இல்லை, எளிதில் எழுந்து போக வழியும் இல்லை. அமெரிக்காவில் 1930களிலிருந்தே சில அரங்குகளில் கண்ணாடி போட்ட அழுகை அறைகள் இருந்தன. நம் பக்கத்தில் 2022ல்தான் திருவனந்தபுரத்தில் கேரள அரசின் கைரளி தியேட்டர் வளாகத்தில் அப்படியொரு அறை திறக்கப்பட்டது.

சிறுபிள்ளையின் முரண்டை அடக்க வேண்டிய குற்றமாகப் பார்க்காமல், புரிந்துகொள்ள வேண்டிய வளர்ச்சிப் படியாகப் பார்க்கும் கல்வி இந்தப் பக்கத்துக்கு ஐம்பதுகளில் பரவியது. கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் இந்தியாவிலேயே தங்கிப் பயிற்சி கொடுத்தது அதற்கு ஒரு தூண்டுதல். 1957ல் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கோவையில் தொடங்கிய மனையியல் கல்லூரி, ராஜம்மாள் தேவதாஸ் தலைமையில் பிள்ளை வளர்ப்பைப் பாடமாகவே கற்பித்தது. இங்கே படித்த பெண்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோன சின்னச் சின்னப் பழக்கங்களை அளந்து சொல்ல முடியாது. ஆனால் பயங்காட்டாமலும் பிள்ளையை வழிக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணம் அவர்கள் வழியாகவும் பரவியது. ஊர்ப்புறத்துக்கு அந்த வேலையைச் செய்தது பால்வாடி. 1975 அக்டோபர் 2ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும், 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் இரண்டு வயதுப் பிள்ளைக்கும் சோறும் உட்கார இடமும் கொடுத்தன. இடுப்பில் தம்பியைச் சுமந்த அக்காவுக்குப் பள்ளி திறந்ததில் சத்துணவு ஆயாக்களின் பங்கு, பாடப்புத்தகங்களில் சொல்லப்படுவதைவிடப் பெரியது.

இப்போது தாயும் பிள்ளையும் அதிகம் சேர்ந்து செல்லும் இடம் டவுன் பஸ். 2021 மே 8 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 2022ல் ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் அரசுப் பேருந்துகளில் கட்டணம் நீங்கியது. பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டில் திறக்கப்பட்டன. பசியால் அழும் பிள்ளைக்கு அதுவே பெரிய உதவி. கூட்டம் நெரியும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவர் முன்பின் தெரியாத தாயிடமிருந்து பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் கோவையில் இன்னும் அற்றுப்போகவில்லை.

ஓட்டலிலும் மாலிலும் கல்யாண மண்டபத்திலும் அந்த மடியின் இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. பிள்ளை சிணுங்கியதும் படம் ஓடும் திரை கைக்கு வருகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கான வழிகாட்டுதலை உலக சுகாதார நிறுவனம் 2019ல் வெளியிட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நாலு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது அதன் சாரம். ஜவ்வு மிட்டாய்க் கடிகாரமும் கவனத்தைத் திருப்பியதுதான். ஆனால் அது இன்னொரு மனிதரின் கையிலிருந்து வந்தது, கரைந்து தீர்ந்துபோனது. திரை தீருவதில்லை, அதைப் பிடுங்கும்போது முன்னைவிடப் பெரிய அழுகை வருகிறது.

சில பிள்ளைகளின் கூச்சலுக்குக் காரணம் வேறு. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு மேளச் சத்தமும் கூட்டமும் விளக்கு வெளிச்சமும் தாங்க முடியாத வேதனையாக இருக்கும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனியே பட்டியலிட்டது. பெற்றோரின் வளர்ப்புக் குறை என்று ஊர் சொன்ன பலவற்றுக்கு இப்போது மருத்துவப் பெயர் உண்டு. ஆனாலும் மண்டபத்திலும் கோயில் வரிசையிலும் இத்தகைய பிள்ளையின் தாய் மீது விழும் பார்வை மாறியதாகத் தெரியவில்லை.

வேலை இடத்தில் பிள்ளைக்கு இடம் கேட்ட பழைய கோரிக்கையும் முடிந்தபாடில்லை. 2017ல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பகம் வைக்க வேண்டும் என்றும், தாய் நாளுக்கு நாலுமுறை பிள்ளையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சொன்னது. திருப்பூரில் பனியன் தொழிலின் பெரும்பகுதி அந்த எண்ணிக்கையை எட்டாத சிறிய கம்பெனிகளிலும் ஜாப் ஒர்க் கூடங்களிலும் நடக்கிறது. ஒன்றரை ஷிப்டு என்றால் காலை 8.30 முதல் இரவு 8.30 வரை. அங்கன்வாடி அதற்குப் பல மணி நேரம் முன்பே மூடிவிடும். வெளியூரிலிருந்தும் வெளிமாநிலத்திலிருந்தும் வந்து லைன் வீட்டில் குடியிருக்கும் தாய்மார், இந்த இடைவெளியைப் பக்கத்து வீட்டுக்காரரின் தயவிலும் மூத்த பெண்பிள்ளையின் பொறுப்பிலும்தான் கடத்துகிறார்கள்.